கடலில் காயப்பட்டால் யாரிடம் சொல்வது?

வயலில் மண்வெட்டி காலில் பட்டால் அயலவர் ஓடி வருவர். நாளைக்கும் சாட்சி சொல்வர். கரை தெரியாத ஆழ்கடலில் கை நசுங்கினால், கண்டவர் படகிலுள்ள நாலைந்து பேர் மட்டுமே. 2007இல் படுவான்கரையில் வயலை விட்டு வந்தவர்கள் போல, காணியிழந்து கடலுக்குக் கூலியாகச் செல்லும் விவசாயிகள் இதை அறிந்திருப்பது அவசியம்.

இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. வேலையினால், வேலையின்போது விபத்து நேர்ந்தால் நட்டஈடு கேட்கலாம். முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் திருத்தம் ஆகக்கூடிய தொகையை 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவிலிருந்து 20 இலட்சமாக உயர்த்தியது. கிடைக்கும் தொகை, சம்பளத்தையும் ஊனத்தின் அளவையும் பொறுத்தது.

நாம் செய்ய வேண்டியவை:

1. புறப்படுமுன்: துறைமுகத்தில் கொடுக்கும் ஆட்பட்டியலில் உங்கள் பெயர் உண்டா எனப் பாருங்கள். நீங்கள் படகில் இருந்ததற்கு அதுவே சாட்சி. படகின் பதிவிலக்கத்தையும் முதலாளியின் முகவரியையும் எழுதி வீட்டில் வையுங்கள்.

2. காயப்பட்டவுடன்: தண்டையலிடம் சொல்லுங்கள். வானொலி மூலம் கரைக்கு அறிவிக்கவும், திகதி, நேரத்துடன் எழுதி வைக்கவும் கேளுங்கள்.

3. கரை சேர்ந்ததும்: நாட்டு வைத்தியத்துடன் நின்றுவிடாமல் களுவாஞ்சிக்குடி அல்லது மட்டக்களப்பு அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். "கடலில் வேலை செய்யும்போது நேர்ந்தது" என்றே சொல்லுங்கள். "வீட்டில் விழுந்தேன்" என்று பதிந்தால் பின்னர் அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும். நோய் நிர்ணய அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

4. முதலாளிக்கு: தாமதியாமல் எழுத்தில் அறிவியுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் பற்றுச்சீட்டையும் வைத்திருங்கள். இடம்பெயர்ந்தவர்கள், இப்போது கடிதம் கிடைக்கும் முகவரியையே கொடுக்க வேண்டும்.

5. பின்னர்: மட்டக்களப்புத் தொழில் அலுவலகத்தில் விசாரித்து, கொழும்பிலுள்ள வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பியுங்கள். இதற்குக் காலவரையறை உண்டு. ஆறட்டும் என்று காத்திராதீர்கள்.

"பங்குக்குத்தானே வந்தாய், சம்பளத்துக்கல்லவே" என்று முதலாளி சொல்லக்கூடும். அதைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். பங்கு பிரித்த கணக்கு, முற்பணத் துண்டு எது இருந்தாலும் அலுவலகத்தில் காட்டி ஆலோசனை பெறுங்கள்.

ஐந்தாயிரத்தைக் கையில் தந்து, "இனி ஒன்றும் கேட்கமாட்டேன்" என்று கையொப்பம் வாங்குவதும் உண்டு. நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் அத்தகைய உடன்படிக்கை சட்டப்படி செல்லாது. ஆயினும் வாசித்து விளங்காத தாளிலோ வெற்றுத் தாளிலோ கையொப்பமிடாதீர்கள்.

கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால், அவரில் தங்கியிருந்த மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கும் இதே சட்டத்தில் உரிமை உண்டு. ஆகவே இவ்விபரங்களைக் கடலுக்குப் போகிறவர் மட்டுமல்ல, வீட்டிலிருப்பவர்களும் அறிந்து வைத்திருப்பது நல்லது.