சின்ன நாயின் வாய் நாற்றம்: மீன் வாடை அல்ல, முரசு நோய்

சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், கற்பிட்டி வரை கரையோர வீடுகளில் மீன் வெட்டும் இடத்தில் நாய் காத்துக் கிடக்கும். அதன் வாய் நாறினால், "மீன் தின்றது, அதுதான்" என்று விட்டுவிடுகிறோம். மீன் வாடை சில மணி நேரத்தில் போய்விடும். நாள் கணக்கில் நாறும் வாயில் பெரும்பாலும் முரசு நோய்தான் இருக்கிறது. பொமரேனியன், ஷிட்சு, டாஷண்ட் போன்ற சின்ன நாய்களை வளர்ப்பவர்கள் இதை அலட்சியம் செய்யவே கூடாது.

சின்னத் தாடை, 42 பற்கள்

வளர்ந்த நாய்க்கு, அல்சேஷனானாலும் பொமரேனியனானாலும், 42 பற்கள். கைக்குள் அடங்கும் தாடையில் அத்தனையும் நெருக்கியடித்து நிற்பதால் இடுக்கெல்லாம் சோறும் மீன் துணுக்கும் தங்கும். பாற்பற்கள் 28. ஆறேழு மாதத்துக்குள் அவை விழுந்துவிட வேண்டும். சின்ன இனங்களில் பால் கோரைப்பல் விழாமல் புதுப்பல்லோடு ஒட்டி நிற்பது அடிக்கடி நடக்கும். அப்படி இரட்டையாய் நின்றால் மிருக வைத்தியரிடம் காட்டிப் பிடுங்குவிக்க வேண்டும்.

பல்லில் படியும் ஊத்தை சில நாட்களிலேயே உமிழ்நீரின் தாது உப்புகளோடு சேர்ந்து கல்லாகிவிடும். முரசு சிவந்து வீங்கும். பிறகு பல்லைப் பிடித்திருக்கும் எலும்பே கரையத் தொடங்கும். சின்ன நாயின் கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேர் தாடையின் அடி விளிம்பு அருகே வரை இறங்கியிருக்கிறது. அங்கே எலும்பு கரைந்துவிட்டால், கட்டிலிலிருந்து குதித்தாலே தாடை முறியக்கூடும். மேல் கோரைப்பல்லின் வேர் கெட்டால் வாய்க்கும் மூக்குக்கும் இடையே துளை விழும். அந்த நாய் ஓயாமல் தும்மும், மூக்கில் சளி வடியும். கண்ணுக்குக் கீழே வீக்கம் கண்டால் மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் வைத்திருக்கலாம்.

பல்வலி என்று நாய் முனகாது, பெரும்பாலும் சாப்பிடுவதையும் நிறுத்தாது. ஒரு பக்கமாக மெல்லும், வாயில் எடுத்ததைக் கீழே போடும், முன்காலால் முகத்தைத் தேய்க்கும்.

முள்ளும் சிரட்டையும்

எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்று நம்பி மீன் தலை, முள் எல்லாவற்றையும் போடுகிறோம். முள் முரசில் குத்தும், பல்லிடுக்கில் சிக்கும், தொண்டையிலும் மாட்டும். சிரட்டையும் மாட்டெலும்பும் பல்லையே உடைக்கும். நகத்தால் அழுத்தினால் பதியாத எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள். மீனை அவித்து, முள் நீக்கிக் கொடுங்கள். உப்பேறிய கருவாடு வேண்டாம்.

பல் தீட்டுவது எப்படி

குட்டியிலேயே பழக்குங்கள். முதல் வாரம் உதட்டைத் தூக்கிப் பார்ப்பது மட்டும் போதும். பிறகு விரலில் ஈரத் துணி சுற்றி, கன்னப் பக்கமுள்ள பல்லும் முரசும் சேரும் இடத்தைத் தேயுங்கள். பழகியதும் குழந்தைகளின் மென்மையான பிரஷ்ஷுக்கு மாறலாம். தினமும் செய்தால்தான் பலன். நாய்க்குரிய பற்பசை கிடைக்காவிட்டால் வெறும் தண்ணீர் போதும். நம் பற்பசை வேண்டாம், நாய் அதை விழுங்கிவிடும். சில பற்பசைகளிலுள்ள சைலிட்டோல் என்ற இனிப்பூட்டி நாய்க்கு நஞ்சு. புத்தளத்தில் உப்புக்குப் பஞ்சமில்லை என்பதற்காக உப்பால் தேய்க்கவும் வேண்டாம், புண்பட்ட முரசு எரியும்.

வாய்க்குள் கை விடுமுன்

திடீரென்று எச்சில் வடிய, தாடை தொங்க, விழுங்க முடியாமல் நிற்கும் நாய்க்கு முள் மாட்டியிருக்கிறது என்று உடனே கை விட்டுவிடாதீர்கள். நீர்வெறுப்பு நோயும் இப்படியே தோன்றும், எச்சில் பட்டாலே ஆபத்து. நாயைத் தனியே அடைத்துவிட்டு மிருக வைத்தியரை அழையுங்கள். எச்சில் பட்ட இடத்தைச் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

வைத்தியரிடம்

கல்லாகிவிட்ட ஊத்தை தீட்டினால் போகாது. மயக்க மருந்து கொடுத்து, முரசுக்கு அடியிலும் சுத்தம் செய்ய வேண்டும். விழித்திருக்கும் நாய்க்கு மேலால் சுரண்டினால் பல் பளிச்சென்று தெரியும், நோய் உள்ளேயே இருக்கும். சிக்கலான பல்லுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது. அடுத்த நீர்வெறுப்புத் தடுப்பூசிக்கு நாயைக் கொண்டுபோகும்போது வாயையும் ஒருமுறை பார்க்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள்.