இரண்டு லிட்டர் எண்ணெய், அறுநூறு கிராம் உப்பு

கள்ளக்குறிச்சி மாவட்டத்து எலவனாசூர்கோட்டையில் இதய நோயைப் பற்றிப் பேச்சு வந்தால், அது உடனே நோயாளியின் நாக்கைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது. எண்ணெயைக் குறை, உப்பைக் குறை, பஜ்ஜியைத் தொடாதே என்கிறோம். கேட்பவரும் தலையாட்டுகிறார். ஆனால் அவர் வீட்டில் எந்த எண்ணெய் இருக்க வேண்டும் என்பதை ரேஷன் கடை முடிவு செய்கிறது. சாயங்காலப் பசிக்கு என்ன கிடைக்கும் என்பதை டீக்கடைச் சட்டி முடிவு செய்கிறது. பிள்ளை காலையில் என்ன சாப்பிடும் என்பது பள்ளிச் சமையற்கூடத்தின் கையில். இவை மூன்றும் பொது இடங்கள். ஊராட்சியும் தொண்டு நிறுவனங்களும் கை வைக்க வேண்டியது இங்கேதான்.

ரேஷன் பாக்கெட்டில் இருப்பது

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் அட்டைக்கு ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது பெரிய உதவி, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பாமாயிலில் ஏறத்தாழ 40 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் அது 20 சதவீதத்துக்குள், நல்லெண்ணெயில் 15 சதவீதம் அளவில். நிறைவுற்ற கொழுப்பு கூடினால் ரத்தத்தில் கெட்ட கொழுப்பு கூடும். அது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்ச் சுவரில் வருடக்கணக்காகப் படியும். அந்தப் படிவு ஒருநாள் வெடித்து ரத்தம் உறைந்து வழியை அடைப்பதுதான் மாரடைப்பு.

மொரீஷியஸ் மாற்றிய எண்ணெய்

நம் ஆட்கள் கரும்புத் தோட்ட வேலைக்குப் போய்க் குடியேறிய மொரீஷியஸ் தீவிலும் இதே சிக்கல் இருந்தது. அங்கும் ரேஷன் எண்ணெய் பெரும்பாலும் பாமாயில்தான். 1987ல் அங்குள்ள அரசு, மக்களின் உடல்நிலையை ஆய்வு செய்த பிறகு, வீட்டுக்கு வீடு போய் அறிவுரை சொல்வதோடு நிற்கவில்லை. ரேஷன் எண்ணெயையே சோயா எண்ணெயாக மாற்றியது. பெண்கள் அடுப்படியில் எதையும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அதே சட்டி, அதே குழம்பு, எண்ணெய் மட்டும் வேறு.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1992ல் மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மக்களின் சராசரி மொத்தக் கொலஸ்ட்ரால் சுமார் 212ல் இருந்து 182க்கு இறங்கியிருந்தது. எண்ணெய் மாற்றத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். அதே காலத்தில் அங்கே உடல் பருமன் கூடியதையும் சொல்லாமல் விடக் கூடாது. எண்ணெய் ஒன்றை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடாது. என்றாலும் கடைச் சரக்கு மாறினால் ஒரு நாட்டின் ரத்தமே மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மல்லாட்டை விளையும் மண்ணில்

நம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை விளைகிறது. அதைச் செக்கில் ஆட்டி ரேஷனில் கொடுங்கள் என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். தேங்காய் எண்ணெயைக் கொடுங்கள் என்று தென்னை விவசாயிகளும் கேட்கிறார்கள். அவர்களுடைய விலைக் கவலை நியாயமானது. ஆனால் தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 90 சதவீதம் அளவில் இருப்பதால் இதயத்தின் பக்கம் நின்று அதை ஆதரிக்க என்னால் முடியாது.

மல்லாட்டை எண்ணெயின் விலை ரேஷன் பாமாயிலைவிடப் பல மடங்கு. மகளிர் குழு ஒன்று உள்ளூர் மல்லாட்டையை மொத்தமாக வாங்கி ஆட்டி, அரை லிட்டர் பாட்டிலாக உறுப்பினர்களுக்கு அடக்க விலையில் கொடுக்கலாம். பாதி அளவு, நல்ல எண்ணெய். ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும். நாலு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர், எல்லா எண்ணெயும் சேர்த்து.

ரேஷன் தானியத்தையும் இப்படி மாற்றிக் கேட்கலாம். கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் காலங்காலமாக விதைத்தவர்கள். அந்த நிலத்தில் இப்போது மரவள்ளி ஏறியிருக்கிறது. 2023ல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கள்ளக்குறிச்சியில் அது சாமையாக இருந்தால் மலையில் விதைப்பவருக்கும் கீழே சாப்பிடுபவருக்கும் நல்லது.

டீக்கடைச் சட்டி

காலையில் வடைக்கு ஊற்றிய எண்ணெயே மாலையில் போண்டாவுக்கும் கொதிக்கிறது, மீதிக்கு மேல் மறுநாள் புது எண்ணெய் விழுகிறது. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் உருவாகும் கழிவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 முதல் சட்டம். ஆனால் கணக்கு எழுதி வைக்க வேண்டிய கட்டாயம் தினமும் 50 லிட்டருக்கு மேல் பொரிப்பவர்களுக்குத்தான். நம் ஊர்க் கடைகள் அந்த வலையில் சிக்காது.

இதற்கு அபராதத்தைவிட ஒரு டிரம் நல்ல வழி. ஊராட்சி ஒரு பொது இடத்தில் டிரம் வைத்து, கறுத்த எண்ணெயைச் சேர்த்து, பயோடீசலுக்கு வாங்கும் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்துக்கு விற்கட்டும். பணம் கடைக்காரருக்கே போகட்டும். கொட்டினால் நட்டம் என்ற கவலை தீர்ந்தால்தான் சட்டியில் மிஞ்சியதைக் கைவிட அவருக்கு மனம் வரும். கூடவே சுண்டலுக்கும் அவித்த மல்லாட்டைக்கும் கடைமுகப்பில் இடம் கேட்கலாம்.

உப்பு பாக்கெட்டில் தேதி

உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. நாலு பேருக்கு மாதம் 600 கிராம். அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். பிரிக்கும் நாளில் பாக்கெட்டின் மேல் தேதியை எழுதுங்கள், தீரும் நாளில் பாருங்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர்மிளகாய் இவற்றில் உள்ள உப்பும் அந்த 5 கிராமுக்குள் அடங்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெயிலில் வேர்க்கிறதே, உப்பு வேண்டாமா என்று கரும்பு வெட்டுபவர்கள் கேட்பார்கள். வழக்கமான சாப்பாட்டில் இருக்கும் உப்பே பெரும்பாலோருக்குப் போதும், வேண்டியது தண்ணீரும் மோரும். ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயிலில் ஊற்றும் கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயமும் நல்ல சாப்பாடுதான், கரைக்கும்போது உப்பில் மட்டும் கை குறையட்டும். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம்.

முகாம் முடிந்த மறுநாள்

தொண்டு நிறுவனங்கள் இங்கே இலவச முகாம் நடத்துகின்றன. பிரஷர் பார்க்கிறார்கள், சீட்டு எழுதுகிறார்கள், மாலையில் பந்தலைப் பிரிக்கிறார்கள். பின்லாந்தின் வட கரேலியாவில் 1972ல் தொடங்கிய திட்டம் இப்படி இல்லை. பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் குழு அங்கே மார்த்தா என்ற பெண்கள் சங்கத்தைத் துணைக்குச் சேர்த்தது. அந்தப் பெண்கள் ஊர் ஊராகக் கூடி, தங்கள் பாரம்பரியச் சமையலையே கொழுப்பு குறைத்துச் சமைத்துப் பரிமாறினார்கள். கொலஸ்ட்ராலைக் குறைப்பதில் ஊர்களுக்குள் போட்டியும் நடந்தது. உழைக்கும் வயது ஆண்களின் இதய நோய் மரணம் 35 ஆண்டுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

அந்தச் சங்கத்துக்கு இணையானது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர்கள் மகளிர் குழுக்களிலிருந்து வந்தவர்களே. தொண்டு நிறுவனம் அவர்களுக்கு ஒரு அடுப்பும் அளவுக் கரண்டியும் சமையல் பயிற்சியும் கொடுத்து, ஆறு மாதம் கழித்து அதே வீடுகளில் பிரஷரை மறுபடியும் பார்க்கட்டும்.

கிராம சபையில் கேட்க வேண்டியது

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. தெருவிளக்கும் சாக்கடையும் பேசி முடித்ததும் யாராவது எழுந்து நாலு தீர்மானம் கேட்கட்டும்: ரேஷனில் மல்லாட்டை எண்ணெயும் சாமையும் வேண்டும், பழைய எண்ணெய்க்கு டிரம் வேண்டும், பள்ளியிலும் அங்கன்வாடியிலும் முருங்கையும் கீரைப்பாத்தியும் வேண்டும், சந்தையில் காய்கறி, பழம் விற்பவர்களுக்கு நிழலும் தண்ணீரும் வேண்டும். முதல் தீர்மானம் மாவட்ட ஆட்சியர் வழியாக சென்னைக்குப் போக வேண்டியது, காலம் பிடிக்கும். மற்ற மூன்றையும் ஊராட்சி நினைத்தால் அடுத்த கூட்டத்துக்குள் முடிக்கலாம்.