ஆறு மாதம் வரை தண்ணீர் வேண்டாம்

சித்திரை வெயில் ஏறியதும் கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு எழும்: “பச்சப்புள்ளைக்கு நாக்கு வறளாதா? ரெண்டு பாலாடை தண்ணி குடுத்தா என்ன?” பாட்டியோ அத்தையோ அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு அந்தத் தண்ணீர் தேவையே இல்லை. அளவு கூடிவிட்டால் அது உயிருக்கே ஆபத்து.

பாலிலேயே இருக்கிறது தண்ணீர்

தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் தண்ணீர்தான். குழந்தை குடிக்கத் தொடங்கியதும் முதலில் வரும் பால் இன்னும் நீர்த்ததாக இருக்கும். தாகம் அதிலேயே தணிந்துவிடும். கோடையில் குழந்தை அடிக்கடி பால் தேடினால், தேடும்போதெல்லாம் கொடுங்கள். கூடுதலாகத் தண்ணீர் குடிக்க வேண்டியவர் தாய்தான். ஒரு வாரம் கடந்த குழந்தை நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்தால், அதன் உடலில் நீர் போதுமான அளவு இருக்கிறது.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது வெப்ப நாடுகளுக்கும் சேர்த்துத்தான். ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் அந்த வயதுக் குழந்தைகளில் 63.7 சதவீதத்தினரே தாய்ப்பால் மட்டும் குடித்தார்கள்.

உடலுக்குள் நடப்பது

பெரியவர்கள் ஒரு செம்பு தண்ணீர் கூடுதலாகக் குடித்தால் சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பிஞ்சுக் குழந்தையின் சிறுநீரகம் அந்த வேலைக்கு இன்னும் முதிரவில்லை. தங்கிய தண்ணீர் இரத்தத்தை நீர்க்கச் செய்கிறது. லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய சோடியம் என்ற உப்பின் அளவு சரிகிறது. அப்போது இரத்தத்திலுள்ள தண்ணீர் செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்க வைக்கும். மூளை வீங்கினால் மண்டை ஓட்டுக்குள் அதற்கு இடமில்லை. சோடியம் அளவு 120-ஐ நெருங்கும்போது வலிப்பு வரக்கூடும். சிகிச்சை தாமதித்தால் உயிரே போகலாம்.

சிறிதளவு தண்ணீரும் நல்லதல்ல. அது வயிற்றை நிரப்பிவிடுவதால் குழந்தை பால் குறைவாகக் குடிக்கும், எடை கூடாது. உறிஞ்சுவது குறைந்தால் தாய்க்குப் பால் சுரப்பதும் குறையும்.

பவுடர் பாலில் கூடும் தண்ணீர்

மிகவும் கவலைப்பட வேண்டியது பவுடர் பாலில் தண்ணீர் கூடுவதற்குத்தான். டப்பா விலை அதிகம். மாதக் கடைசியில் பவுடர் குறையும்போது, இருப்பதை இரண்டு நாள் கூட்டி ஓட்டலாம் என்று தண்ணீரை அதிகமாக ஊற்றுகிறார்கள். புட்டி நிறைந்திருக்கும், உள்ளே உப்பும் சத்தும் குறைந்திருக்கும். வறுமை எங்கே இருந்தாலும் இது நடக்கும். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள், ஏழைக் குடும்பங்களில் இப்படி வலிப்போடு வந்த குழந்தைகளைப் பார்த்துவிட்டு, இதை ஒரு கொள்ளைநோய் என்றே எழுதினார்கள்.

டப்பாவில் அச்சிட்ட அளவை மாற்றாதீர்கள். வாங்க முடியாத நிலை வந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் தயங்காமல் சொல்லுங்கள். பணமில்லை என்று சொல்வதில் எந்தத் தாய்க்கும் அவமானம் இல்லை. நின்றுபோன தாய்ப்பாலைப் பலருக்கு மீண்டும் சுரக்கச் செய்யவும் வழி உண்டு.

சேனை, சர்க்கரைத் தண்ணீர், குளுக்கோஸ்

பிறந்ததும் சேனை வைப்பதும், விக்கலுக்குச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவதும் வேண்டாம். ஒரு வயதுவரை தேனும் கூடாது. மஞ்சள் காமாலைக்குக் குளுக்கோஸ் தண்ணீர் மருந்தல்ல. அடிக்கடி பால் குடித்து மலம் கழித்தால்தான் மஞ்சள் நிறமி வெளியேறும். வயிற்றுப்போக்கின்போதும் வெறும் தண்ணீர் கொடுக்காதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தாமல், மருத்துவர் சொல்லும் அளவில் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள்.

ஆறு மாதம் முடிந்து கூழ், கஞ்சி தொடங்கிய பிறகு, காய்ச்சி ஆறிய தண்ணீரைச் சில மடக்குகள் கொடுக்கலாம்.

அறிகுறிகள்

எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், பால் குடிக்க மறுத்தல், வாந்தி, முகமும் இமையும் உப்புதல், காரணமில்லாத சிணுங்கல் ஆகியவை உடலில் தண்ணீர் மிகுந்துவிட்டதன் அறிகுறிகளாக இருக்கலாம். காய்ச்சலே இல்லாமல், உடல் சில்லிட்ட நிலையில் வலிப்பு வந்தால் உடனே இதைச் சந்தேகிக்க வேண்டும். தோஷம் என்று மந்திரிக்கப் போய் நேரத்தை இழக்காதீர்கள். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம், எவ்வளவு தண்ணீர் கொடுத்தீர்கள், பாலை எப்படிக் கலந்தீர்கள் என்பதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். என்ன சிகிச்சை என்பதை அந்தத் தகவலை வைத்தே அவர் முடிவு செய்வார்.