'சாரல் முடியட்டும்' என்று கண்புரை ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா? தென்காசி குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி!

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசி வீடுகளுக்கு விருந்தாளிகள் வரத் தொடங்கிவிடுவார்கள். சென்னையிலிருந்து மகன், கோவையிலிருந்து மகள், பேரன் பேத்திகள் என வீடு நிறையும். காலையில் ஐந்தருவி, மாலையில் பேரருவி என நாள்கள் ஓடும். இந்தக் கலகலப்புக்கு நடுவே, கடைசிப் படி எங்கே இருக்கிறது என்று காலால் துழாவி இறங்கும் ஆச்சியைக் கவனிப்பவர்கள் குறைவு. கவனித்தாலும், "சாரல் முடியட்டும் ஆச்சி, அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்பதே பதிலாக இருக்கும்.

சாரல் முடிந்ததும் தீபாவளி வரும், பிறகு அறுவடை, பொங்கல். அதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும்.

'முற்றட்டும்' என்று காத்திருக்கலாமா?

கண்ணுக்குள் இருக்கும் இயற்கையான லென்ஸ் வயதாக ஆகக் கலங்கிப்போவதுதான் கண்புரை. சொட்டு மருந்தாலோ மாத்திரையாலோ இதைக் கரைக்க முடியாது. கலங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பது மட்டுமே தீர்வு.

'புரை நன்றாக முற்றிய பிறகுதான் எடுக்க வேண்டும்' என்பது பழைய காலத்துப் பேச்சு. இப்போது அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாக இருந்தாலே ஆபரேஷனுக்கு யோசிக்கலாம். அளவுக்கு மீறி முற்றினால் லென்ஸ் கல்லுபோல இறுகி, ஆபரேஷன் சிரமமாகும். சிலருக்குக் கண் அழுத்தம் திடீரென ஏறி, கடும் வலியோடு பார்வை நரம்பே பாதிக்கப்படலாம். அப்படிப் போன பார்வை திரும்பாது. பார்வை மங்கிய முதியவர் கீழே விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால், அது இன்னொரு பெரிய செலவு.

வெயில் காலம், மழைக் காலம் என்ற கணக்கும் இப்போது தேவையில்லை. எந்த மாதமும் செய்துகொள்ளலாம்.

எங்கே போகலாம்?

தென்காசி மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் கண்புரை ஆபரேஷனும் லென்ஸும் இலவசம். தனியார் கண் மருத்துவமனைகளும் உண்டு. திருநெல்வேலியில் 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இயங்குகிறது.

அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் ஜி.வெங்கடசாமியும் தென் மாவட்டத்துக்காரர்தான். எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் பிறந்தவர். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும், கருவிகளைப் பிடிக்கப் பழகி, ஆயிரக்கணக்கானோருக்கு ஆபரேஷன் செய்தவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், 1976-ல் மதுரையில் வெறும் 11 படுக்கைகளோடு மருத்துவமனையை ஆரம்பித்தார். வெளிநாட்டிலிருந்து வந்த செயற்கை லென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டாமல் இருந்தது. அதனால் 1992-ல் 'ஆரோலேப்' தொடங்கப்பட்டு, மதுரையிலேயே குறைந்த விலையில் லென்ஸ் தயாரானது.

முதல் நாள் பரிசோதனைக்குப் போகும்போது...

* ஆதார், காப்பீட்டு அட்டை, பழைய கண்ணாடி, பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சைக்குக் காப்பீடு பொருந்துமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.
* சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு காட்டுங்கள். சிறுநீர் பிரச்னைக்காகத் தாத்தாக்கள் சாப்பிடும் 'டாம்சுலோசின்' போன்ற மாத்திரைகளை அவசியம் சொல்ல வேண்டும். ஆபரேஷனின்போது கண்மணி சரியாக விரியாமல் போக அது காரணமாகலாம். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் தயாராக இருப்பார்.
* ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது.
* கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வெளிச்சம் கூசும். எனவே பைக் ஓட்டிக்கொண்டு தனியாகப் போகாதீர்கள்.

லென்ஸின் பவரைக் கணக்கிடும் ஸ்கேன், கண் அழுத்தம், கண்ணீர்ப் பாதையில் அடைப்பு இருக்கிறதா என்ற பரிசோதனை, சர்க்கரை, பிபி ஆகியவற்றைப் பார்ப்பார்கள். சர்க்கரை அதிகமாக இருந்தால் கட்டுப்பாட்டுக்கு வந்த பிறகே தேதி கொடுப்பார்கள். அது உங்களை அலைக்கழிப்பதற்காக அல்ல. சர்க்கரை ஏறியிருந்தால் கிருமித்தொற்று வரும் ஆபத்து அதிகம்.

ஆபரேஷன் நாளில்...

முதல் நாளே தலைக்குக் குளித்துவிடுங்கள். அன்று காலை முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மை, பவுடர், குங்குமம், திருநீறு, பூ எதுவும் வேண்டாம். நகைகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சாப்பிடலாமா, சர்க்கரை மாத்திரை போடலாமா என்பதை மருத்துவமனையில் கேட்டு, அதன்படியே செய்யுங்கள்.

பெரும்பாலானோருக்கு முழு மயக்கம் தேவைப்படாது. சொட்டு மருந்தாலோ ஊசியாலோ கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். ஆபரேஷன் பொதுவாக அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இருமல், சளி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். நடுவில் இருமினால் தலை அசையும்.

அருவிக் குளியல் எப்போது?

ஆச்சி கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். டாக்டர் அனுமதிக்கும்வரை தலைக்குக் குளிக்கவே கூடாது. அருவி, குளம், ஆறு என்றால் குறைந்தது ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். ஆறாத காயத்தில் அருவித் தண்ணீர் பட்டால் கிருமி உள்ளே போகலாம்.

சொட்டு மருந்தை 4 முதல் 6 வாரங்கள் விட வேண்டியிருக்கும். விடுவதற்கு முன் கையைச் சோப்பால் கழுவுங்கள், பாட்டில் முனை இமையில் படக் கூடாது. கண்ணைக் கசக்கக் கூடாது. பஸ்ஸில் ஜன்னலோர சீட் வேண்டாம், பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். பீடி சுற்றும் வேலை, நெல் தூற்றும் வேலைக்குத் திரும்பும் முன் டாக்டரிடம் கேளுங்கள். தூசியும் உமியும் புதிதாக ஆபரேஷன் செய்த கண்ணுக்குப் பகை.

வலி கூடுவது, கண் மேலும் சிவப்பது, வந்த பார்வை மறுபடி மங்குவது... இதில் எது நடந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து எதையும் விடாதீர்கள்.

வயதானவர்கள் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதற்குப் பல நேரங்களில் பயம் மட்டுமே காரணமல்ல. கூட வர ஆள் இல்லை, ஒரு நாளைக்குப் பல வேளை மருந்து விட ஆள் இல்லை என்பதும்தான். பிள்ளைகள் வீட்டுக்கு வரும் சாரல் காலம் அதற்கு ஏற்ற நேரம். இந்த முறை குற்றாலத்துக்குக் கிளம்பும் முன், ஒரு காலைப் பொழுதை ஆச்சியின் கண்ணுக்கு ஒதுக்குங்கள். அருவியில் அடுத்த வருடம் குளித்துக்கொள்ளலாம்!