மாரெட்பள்ளி மொட்டைமாடியில் ஒரு ரோஜா

மாரெட்பள்ளியில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் அன்பர்களுக்கு நினைவிருக்கும். கோடையில் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுப்போம். பின்னிரவில் மின்சாரம் போனால் வீட்டுக்குள் எல்லோரும் அலுத்துக்கொள்வார்கள். மாடியில் இருப்பவர்களுக்கோ பால்வீதி தெரியும். இன்று அதே மாடியில் நின்று எண்ணினால் முப்பது நட்சத்திரம் தேறினால் அதிகம்.

இந்த வானத்தில் என்ன படம் எடுக்க முடியும் என்றுதான் நானும் கேட்டேன். என் மருமான் பதில் சொல்லவில்லை. சென்ற தை மாதத்தில் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினான். விரிந்த ரோஜாப் பூவைப் போல ஒரு வாயு மேகம். ரோஸெட் நெபுலா என்று பெயர். சுமார் 5,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. திருவாதிரை நட்சத்திரத்திலிருந்து, கையை நீட்டி மடக்கிய முஷ்டியின் அகலம் கிழக்கே போனால் அந்த இடம். முழுநிலவைவிட இரண்டு மடங்குக்கு மேல் அகலமானது என்றாலும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதை எங்கள் மாடியிலிருந்தே எடுத்திருக்கிறான்!

சூட்சுமம் ஒரு சிறு கண்ணாடி வில்லையில் இருக்கிறது. அந்த மேகத்தின் நடுவே உள்ள இளம் நட்சத்திரங்களின் புறஊதாக் கதிர்கள் ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்துவிடுகின்றன. எலக்ட்ரான் மீண்டும் அணுவோடு சேர்ந்து படிப்படியாகக் கீழிறங்கும்போது, 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் ஆழ்ந்த சிவப்பு ஒளி வருகிறது. அதாவது, நெபுலா எல்லா ஸ்வரங்களிலும் பாடுவதில்லை. இரண்டு மூன்று ஸ்வரங்களில்தான் பாடுகிறது. நம் கண் காணும் ஒளியோ ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை பரந்தது. அதில் 7 நானோமீட்டர் அகலமுள்ள ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைக்கிறது இந்தக் குறும்பட்டை ஃபில்டர். தெருவிளக்கின் வெளிச்சத்தில் சுமார் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே வரும். நெபுலாவின் சிவப்போ பத்தில் ஒன்பது பங்கு வந்துவிடும்.

இரண்டாவது ஸ்வரம் 500.7 நானோமீட்டரில் வரும் பச்சை. 1864இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹக்கின்ஸ் இதைக் கண்டபோது பூமியில் உள்ள எந்தப் பொருளோடும் அது பொருந்தவில்லை. புதிய தனிமம் என்று எண்ணி ‘நெபுலியம்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். 1927இல்தான் ஐரா போவன் என்ற அமெரிக்கர், அது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்ஸிஜன் என்று கண்டுபிடித்தார். நாம் மூச்சு விடும் அதே சரக்குதான்! மிக மிக மெலிந்த வாயுவில் மட்டுமே அந்த ஒளி எழும். மூன்றாவது, கந்தகத்தின் சிவப்பு, 672 நானோமீட்டர் அருகே.

ஃபில்டர் வாங்கினால் போதும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. தொலைநோக்கியும் மோட்டாரில் அதே வேகத்தில் திரும்ப வேண்டும். அதற்கு அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தின் பக்கம் சரியாக நிறுத்த வேண்டும். ஹைதராபாத்தில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே 17 டிகிரிதான். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி! தொட்டி மறைக்காத மூலையைக் கண்டுபிடிக்கவே பையனுக்கு ஒரு வாரம் பிடித்தது. பிறகு ஐந்து ஐந்து நிமிடப் படங்களாக நான்கு இரவுகள் எடுத்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். யாராவது மாடியில் நடந்தால் அந்தப் படம் போச்சு. வடாம் காயவைத்த துணியை எடுக்கப் போனதற்காக நானே ஒருமுறை திட்டு வாங்கினேன்.

படத்தைப் பார்த்த அவன் பெண், “இது நிஜக் கலராப்பா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. காமிரா கறுப்பு வெள்ளை. கந்தகத்தின் படத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்கு நீலம் என்று வர்ணம் ஏற்றுகிறார்கள். 1995இல் ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த, கழுகு நெபுலாவின் புகழ்பெற்ற தூண்களும் இப்படி வர்ணம் ஏற்றியவைதான். தேசப்படத்தில் நாட்டுக்கொரு நிறம் தீட்டுகிறோமே, அதுபோல எங்கே எந்த வாயு என்று காட்டும் நிறம். இதைச் சொல்லாமல் படத்தை மட்டும் காட்டுவது சரியில்லை என்பது என் கட்சி.

இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள பேகம்பேட்டையில்தான் நிஜாமியா வானாய்வுக்கூடம் இருந்தது. உலக நாடுகள் வானத்தைப் பங்கு போட்டுக்கொண்டு நட்சத்திரப் பட்டியல் தயாரித்தபோது, ஒரு பங்கு ஹைதராபாத்துக்கும் வந்தது. இங்கே லட்சக்கணக்கான நட்சத்திரங்களைப் படமெடுத்து அளந்தார்கள். பிற்பாடு உஸ்மானியா பல்கலைக்கழகம் தன் 48 அங்குலத் தொலைநோக்கியை ஊருக்கு வெளியே ஜபால்-ரங்காபூரில்தான் நிறுவியது.

இந்த ஃபில்டரும் எல்லாவற்றையும் மீட்டுத் தராது. நட்சத்திரங்களும், நட்சத்திரக் கூட்டமான ஆண்ட்ரோமீடா போன்ற காலக்ஸிகளும் எல்லா ஸ்வரங்களிலும் பாடுகின்றன. ஜன்னலைச் சுருக்கினால் அவற்றின் ஒளியும் சுருங்கிவிடும். பழைய மஞ்சள் சோடியம் விளக்குகளுக்குப் பதிலாக வந்திருக்கும் வெள்ளை எல்.இ.டி. விளக்குகளும் எல்லா நிறத்தையும் சிந்துகின்றன. ஆகவே பால்வீதிக்கு ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். வரும் சித்திரை அமாவாசைக்கு வேன் ஏற்பாடு செய்கிறேன் என்று மருமான் சொல்லியிருக்கிறான். அவன் பெண்ணுக்குப் பத்து வயது. இதுவரை அவள் அதைப் பார்த்ததில்லை.