முட்டைக்கு எந்தக் கோழி?

அந்தமானில், ஃபீனிக்ஸ் பே பக்கம் முட்டைக்காகப் பத்துக் கோழி வளர்க்க நினைப்பவர்கள் முதலில் தீவனச் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும். மக்காச்சோளமும் சோயாவும் பெரும்பாலும் கப்பலேறித்தான் வருகின்றன. ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும் வெள்ளை லெகார்னுக்கு அந்தத் தீவனம் குறையவே கூடாது, புழுக்கமும் ஆகாது.

உள்ளூரிலேயே இருக்கிறது நிக்கோபாரிக் கோழி. குட்டைக் கால், திரண்ட உடம்பு. நடந்தால் வயிறு தரையில் படுமோ என்று தோன்றும். கொல்லையில் மேய்ந்தே பாதி இரையைத் தேடிக்கொள்ளும். மற்ற நாட்டுக்கோழிகள் பல 60, 70 முட்டையோடு நின்றுவிட, நல்ல பராமரிப்பில் இது ஆண்டுக்கு 140-க்கு மேல் இடும்.

கராச்சர்மாவில் உள்ள மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இந்த இனத்தைக் கொண்டு நிக்கோராக், நிஷிபாரி என்ற கலப்பினங்களையும் உருவாக்கியிருக்கிறது. குஞ்சு வாங்குமுன் அங்கே விசாரிக்கலாம்.