மழை பெய்ஞ்சா புழு ஏன் வெளிய வருது?

இந்தப் பக்கம் தலை காட்டி ரெண்டு மாசம் ஆச்சு. ஆணி அதிகம். செமஸ்டர் முடியற நேரத்துல இங்க எல்லாருக்கும் அதே கதைதான். ஆனா இன்னிக்கு எழுதியே ஆகணும்னு உக்காந்திருக்கேன். காரணம் ஒரு அஞ்சு வயசுப் பொண்ணு.

நான் குடியிருக்கறது யூனியன்வில்லுல ஒரு வீட்டு பேஸ்மென்ட்டுல. யார்க் பல்கலைக்கழகம் 2024-ல திறந்த மார்க்கம் வளாகம் இங்கிருந்து கிட்டத்துல, அதான். வீட்டுக்காரங்க யாழ்ப்பாணத்துக்காரங்க. அந்த அக்கா ஒரு நாள் புட்டும் சம்பலும் கொண்டு வந்து குடுத்துட்டு, மெதுவா விஷயத்துக்கு வந்தாங்க.

"தம்பி, இவள் பள்ளிக்கூடத்தில என்னதான் படிக்கிறாளெண்டே விளங்கேல்ல. மண்ணும் இலையும் பொறுக்கிக்கொண்டு வாறாள். ஒரு சொல்லு ஒழுங்கா வாசிக்கத் தெரியேல்ல. சனிக்கிழமையில நீங்கள் கொஞ்சம் சொல்லிக் குடுங்கோவன்."

வாடகையில கொஞ்சம் குறைப்பாங்கன்னு சொன்னதும் தலைய ஆட்டிட்டேன். ஸ்டூடன்ட் பொழப்பு உங்களுக்குத் தெரியாததா :-)

முதல் சனிக்கிழமை எழுத்து அட்டைகளை அடுக்கி வெச்சு உக்காந்தோம். ராத்திரி பூரா மழை. சின்னவ ஜன்னல் வழியா டிரைவ்வேய பாத்துட்டே கேட்டா: "மாமா, மழை பெய்ஞ்சா புழு ஏன் வெளிய வருது?"

நான் சொன்னேன்: "மொதல்ல இத முடி."

ரெண்டாவது சனிக்கிழமையும் கேட்டா. அதே பதில். மூணாவது சனிக்கிழமையும் மழை, டிரைவ்வே முழுக்க புழு. அவ ஜன்னல் பக்கம் திரும்பவே இல்ல. அட்டைய எடுத்து, "அடுத்தது என்ன மாமா?"ன்னா. சமத்துப் பிள்ளைன்னு அக்காவுக்கு சந்தோஷம். எனக்கு மட்டும் வயித்துல என்னமோ பண்ணிச்சு. ஏன்னா அந்த வார்த்தை என்னோடது இல்ல. எனக்கு ஒருத்தர் குடுத்தது.

இப்ப ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க.

எங்க ஊர் பொள்ளாச்சி பக்கம். 2007-ல நான் ஒண்ணாப்பு சேர்ந்தது ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளி. தமிழ்நாடு பூரா அரசுப் பள்ளிகளுக்கு செயல்வழிக் கற்றல் வந்த வருஷம் அது. 2003-ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல, அப்ப ஆணையரா இருந்த எம்.பி.விஜயகுமார் ஆரம்பிச்சு வெச்சது. ஆந்திராவுல ரிஷி வேலி பள்ளிக்காரங்க சுத்துப்பட்டு கிராமங்கள்ல நடத்தின முறையில இருந்து எடுத்துக்கிட்டாங்க. பெஞ்சு கிடையாது, பாய்தான். டீச்சரும் எங்களோட தரையில. சுவத்துல எங்க கைக்கு எட்டற உயரத்துல கரும்பலகை. கற்றல் ஏணின்னு ஒண்ணு இருக்கும். ஒரு அட்டைய முடிச்சா அடுத்த படி. எழுதினதையும் வரைஞ்சதையும் தலைக்கு மேல கம்பிப் பந்தல்ல தொங்க விடுவோம். அவனவன் வேகத்துல அவனவன் போகலாம்.

எங்கம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கல. "பாயில உக்காந்து வெளையாடிட்டு வர்றான்"னு பயம். மூணாவதுக்கு மெட்ரிக்ல போட்டாங்க. அம்மாவை குத்தம் சொல்ல மாட்டேன், நகைய அடகு வெச்சு ஃபீஸ் கட்டினாங்க.

அங்க நாலாவது படிக்கும்போது ஒரு சந்தேகம். வால்பாறை மலை மேல இருக்கு. அப்ப அது சூரியனுக்கு இன்னும் பக்கம்தானே, பின்ன ஏன் அங்க குளிருது? கேட்டேன். கிளாஸே சிரிச்சுது. மிஸ் சிரிக்கல, பாவம், அவங்களுக்கு போர்ஷன் முடிக்கணும். "மொதல்ல போர்டுல இருக்கறத எழுதி முடி"ன்னாங்க. முடிச்சேன். அப்புறம் நான் எதையும் கேக்கல. காத்து கீழ நிலத்துல இருந்துதான் சூடாகுது, மேல போகப்போக அழுத்தம் குறைஞ்சு விரிஞ்சு குளிர்ந்துடுதுன்னு பதினொண்ணாவதுலதான் புரிஞ்சுது. புரிஞ்சப்போ சந்தோஷப்படறதுக்கு அந்த நாலாவது படிச்ச பையன் இல்ல.

இன்னிக்கும் இங்க செமினார்ல புரொபசர் "கேள்வி ஏதாவது?"ன்னு கேட்டா நான் மேஜையப் பாப்பேன். கேள்வி கேக்கறதுக்கு இங்க தனியா மார்க்கு வேற உண்டு. எனக்கு அதுல எவ்வளவுன்னு கேக்காதீங்க :-(

சரி, கொசுவத்திய அணைச்சாச்சு. யூனியன்வில்லுக்கு வருவோம்.

குத்த உணர்ச்சியில, இவ பள்ளிக்கூடத்துல என்னதான் பண்றாங்கன்னு படிக்க ஆரம்பிச்சேன். ஒன்டாரியோவுல நாலு, அஞ்சு வயசுக்கு முழுநாள் கிண்டர்கார்டன் 2010-ல ஆரம்பிச்சு 2014-ல எல்லாப் பள்ளிக்கும் வந்திருக்கு. ஒரு வகுப்புல ஒரு டீச்சர், கூட குழந்தை வளர்ப்புல பயிற்சி எடுத்த இன்னொருத்தர். 2016-ல வந்த பாடத்திட்டம் விளையாட்டும் தேடலும்தான் படிப்போட அடிப்படைன்னு சொல்லுது.

இதுக்குப் பின்னாடி டொரன்டோவுலயே ஒரு பழைய கதை இருக்கு. டொரன்டோ பல்கலைக்கழகத்தோட குழந்தைகள் ஆய்வு நிறுவனம் 1925-ல தொடங்கினது. இன்னிக்கு எரிக் ஜாக்மன் பேர்ல இருக்கு. வால்மர் ரோட்ல ஒரு பள்ளிக்கூடமும் நடத்தறாங்க. அங்க கத்துக்கிட்டத வெச்சு 2011-ல 'நேச்சுரல் கியூரியாசிட்டி'ன்னு ஆசிரியர்களுக்கு ஒரு புத்தகம் போட்டாங்க. 2018-ல பூர்வகுடி மக்களோட பார்வையச் சேர்த்து ரெண்டாம் பதிப்பு. சாரம் இதுதான்: குழந்தையோட கேள்விய பாடத்துக்கு இடைஞ்சலா பாக்காதே, பாடத்தை அங்கிருந்தே ஆரம்பி.

அதே பல்கலைக்கழகத்துல மார்லின் ஸ்கார்டமாலியா, கார்ல் பெரைட்டர்னு ரெண்டு பேர் பல வருஷமா இந்த வேலைதான் பாத்திருக்காங்க. அவங்க செஞ்ச 'நாலெட்ஜ் ஃபோரம்'ங்கற மென்பொருள்ல பசங்க எழுத ஆரம்பிக்கறதுக்கு சில தொடக்க வரிகள் குடுத்திருப்பாங்க. என்னோட கருத்து இது. எனக்கு இது புரியணும். இந்தக் கருத்தால இத விளக்க முடியல. இத விட நல்ல கருத்து இது. இந்த நாலையும் படிச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். 'இதால விளக்க முடியல'ன்னு சொல்றதுக்கு எனக்கு எந்த வகுப்புலயும் இடம் இருந்ததில்ல.

அடுத்த சனிக்கிழமை அட்டைய ஓரமா வெச்சேன். "புழு ஏன் வெளிய வருது? நீ என்ன நினைக்கிற?"ன்னு நான் கேட்டேன். என்ன சந்தேகமாப் பாத்தா. அப்புறம், "அதுக்கு தண்ணி விடாய்"னா. தாகமாம்.

மழை இல்லாத நாள். பூவாளியில தண்ணி எடுத்துட்டு தோட்டத்துக்குப் போனோம். ஊத்து ஊத்துன்னு ஊத்தினோம். ஒரு புழு வரல. "தாகம்னா வந்திருக்கணுமே?"ன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சா. "மழைக்கு சத்தம் இருக்கு, இதுக்கு இல்ல." உக்காந்து விரலால மண்ணுல தட்டினோம். பத்து நிமிஷம் கழிச்சு ஒரே ஒரு புழு. நான் கைதட்டப் போனேன். அவ தடுத்துட்டா. "அது சும்மா வந்திருக்கும் மாமா. திரும்ப செய்யணும்."

நான் முதுகலை படிக்கறேன் மக்களே. இது எனக்குத் தோணல.

உள்ள வந்து தேடினா, விஞ்ஞானிகள்கிட்டயும் இதுக்கு முடிவான ஒரே பதில் இல்ல. மூச்சு முட்டி வருதுன்னு சொல்லுவாங்க. ஆனா மண்புழு தோல் வழியா சுவாசிக்கறதால தண்ணிக்குள்ளயும் நாள்கணக்குல இருக்க முடியுமாம். ஈரத்துல உடம்பு காயாதுங்கறதால தூரமாப் பயணம் போக வருதுன்னு ஒரு கருத்து. மண் அதிர்வ எதிரின்னு நினைச்சு வருதுன்னு இன்னொண்ணு. இன்னொரு சேதியும் கிடைச்சுது: பனியுகத்துல இந்தப் பக்கம் இருந்த மண்புழு எல்லாம் அழிஞ்சு போச்சாம். இப்ப இருக்கறது பெரும்பாலும் ஐரோப்பாவுல இருந்து குடியேறினவங்களோட வந்தது. "அப்ப புழுவும் எங்கள மாதிரி வேற நாட்டுல இருந்து வந்ததா?"ன்னு கேட்டுட்டு ஓடிப்போய் அம்மாகிட்ட சொன்னா. அக்கா என்னைப் பாத்த பார்வைய எழுத முடியாது.

இதோட சுபம் போட்டா நல்லாத்தான் இருக்கும். ஆனா அக்கா பயந்ததுலயும் நியாயம் இருக்கு. பிள்ளைக்கு வாசிக்கத் தெரியலங்கறது உண்மை. எழுத்தும் சத்தமும் எப்படி ஒட்டுதுங்கறத தோட்டத்துல தோண்டிக் கண்டுபிடிக்க முடியாது, ஒருத்தர் சொல்லித்தான் தரணும். ஒன்டாரியோ மனித உரிமை ஆணையமே 2022-ல 'படிக்கும் உரிமை'ன்னு அறிக்கை விட்டு, வாசிப்ப முறையா நேரடியா சொல்லிக் குடுங்கன்னு சொல்லிச்சு. 2023-ல மொழிப்பாடம் மாறிச்சு. கிண்டர்கார்டன்லயும் அந்த அடிப்படைகளைக் கொண்டு வரப் போறோம்னு 2024 ஜனவரியில அரசு அறிவிச்சது. நம்ம ஊர்லயும் கொரோனாவுக்கு அப்புறம் 2022-ல எண்ணும் எழுத்தும் வந்தது பசங்க அடிப்படையிலயே பின்தங்கிட்டாங்கன்னுதான். தவிர, நான் படிச்ச செயல்வழிக் கற்றல்லயும் அட்டையில இருந்த கேள்வி அவங்களோடது, என்னோடது இல்ல. பாயில உக்காந்தா மட்டும் தேடல் வந்துடாது.

அதனால அக்காகிட்ட ஒரு உடன்படிக்கை போட்டிருக்கேன். முதல் இருபது நிமிஷம் எழுத்து, சத்தம், வாசிப்பு. அதுல சமரசம் கிடையாது. அப்புறம் அவ கேள்வி. அவ சொல்றத அவளே நோட்டுல எழுதணும். போன வாரம் புழுவுக்கான இங்கிலீஷ் வார்த்தைய எழுதறதுக்கு நடுவுல இருக்கற எழுத்து எது, சத்தத்துக்கும் எழுத்துக்கும் ஏன் ஒத்து வரலன்னு கால் மணி நேரம் சண்டை போட்டா. அட்டைய வெச்சு மூணு வாரம் வராத ஆர்வம்.

"தம்பி, இப்ப வீட்டிலயும் ஒரே கேள்விதான். தலை இடிக்குது"ன்னு அக்கா அலுத்துக்கிட்டாங்க. சிரிச்சுட்டேதான் சொன்னாங்க.

போன செவ்வாய்க்கிழமை செமினார்ல நான் கை தூக்கினேன். கேள்வி கொஞ்சம் மொக்கைதான். புரொபசர் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, "தெரியலையே, பாப்போம்"னார். யாரும் சிரிக்கல.

மக்களே, உங்கள்ல பாதிப் பேருக்கு வீட்டுல பிள்ளைங்க இருக்கு. "மொதல்ல இத முடி"ன்னு நீங்க கடைசியா எப்ப சொன்னீங்க? பின்னூட்டத்துல உண்மைய எழுதுங்க. நாலாவதுல நீங்க கேக்காம விட்ட கேள்வி ஏதாவது இருந்தா அதையும்.

பி.கு: தட்டற சோதனைய நாலு தடவ திரும்ப செஞ்சாச்சு. ரெண்டு தடவ வந்துது, ரெண்டு தடவ வரல. ஆராய்ச்சி தொடருது :-)